ஆங்கிலம் வாய்க்கு வர: மனப்பாடமும் திரும்பச் சொல்வதும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திண்டுக்கல்லில் மாலை நேர ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் கல்லூரி முடித்தவர்கள். மீதிப் பேர் ஜவுளிக்கடை, மருத்துவமனை வரவேற்பு, கூரியர் ஆபீஸ் என்று ஏதாவது வேலையில் இருப்பவர்கள். முதல் நாள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "புரியுது மிஸ், ஆனா பேச வரல." அவர்களுக்கு நான் சொல்லித்தரும் வழியில் மனப்பாடத்துக்கும் திரும்பத் திரும்பச் சொல்வதற்கும் பெரிய இடம் உண்டு. அதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

பள்ளியில் பன்னிரண்டு வருடம் மனப்பாடம்தானே செய்தோம்? அப்போது வராத பேச்சு இப்போது எப்படி வரும்?

நியாயமான கேள்வி. பள்ளியில் எதை மனப்பாடம் செய்தோம் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பாராகிராஃப், எஸ்ஸே, மெமரி போயம். கண்ணால் பார்த்து, கையால் எழுதி, பரீட்சை வரைக்கும் தாங்கினால் போதும் என்று உருப்போட்டவை. அவற்றில் ஒரு வாக்கியத்தையாவது வாழ்க்கையில் யாரிடமாவது சொல்ல வேண்டி வந்திருக்கிறதா?

நான் தமிழ் மீடியத்தில் படித்தவள். கல்லூரி முடித்த வருடம் சென்னைக்கு ஓர் இன்டர்வியூவுக்குப் போனேன். ரயிலில் என் சீட்டில் ஒரு வடநாட்டுக் குடும்பம் உட்கார்ந்திருந்தது. "இது என் சீட்" என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பில் படித்த மரம் வளர்ப்புக் கட்டுரை முழுவதும் அப்போதும் தலைக்குள் இருந்தது. ஆனால் இந்த ஒரு வாக்கியம் வாய்க்கு வரவில்லை. திருச்சி வரைக்கும் நின்றுகொண்டே போனேன்.

பள்ளி மனப்பாடத்தில் இன்னொரு கோளாறும் இருக்கிறது. முதல் வரியில் தொடங்கினால்தான் ஓடும். நடுவிலிருந்து ஒரு வரி கேட்டால், மறுபடி மேலிருந்து ஓட்டிப் பார்த்தாக வேண்டும். எதிரே நிற்கிறவரோ எந்த இடத்திலிருந்து வேண்டுமானாலும் பேச்சைத் தொடங்குவார். அதனால் நான் கேட்பது பக்கம் பக்கமான மனப்பாடம் இல்லை. தனித்தனி வாக்கியங்கள், அதுவும் நீங்கள் நிஜமாகவே சொல்லப்போகிற வாக்கியங்கள். அவற்றை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி, நினைத்த மாத்திரத்தில் வரும் அளவுக்குப் பழக்குவது. பள்ளியில் செய்ததற்கும் இதற்கும் பெயர்தான் ஒன்று.

கிராமர் தெரியும், எழுதச் சொன்னால் எழுதுகிறேன். பேசும்போது மட்டும் ஏன் நின்றுவிடுகிறது?

நேரம் போதாததால். சரளமாக ஆங்கிலம் பேசுகிறவர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 150 சொற்கள் பேசுகிறார். நொடிக்கு இரண்டரைச் சொல். அதற்குள் சொல்லைத் தேடி, டென்ஸ் பார்த்து, 'எ' போடுவதா 'த' போடுவதா என்று யோசித்து, வாயை அசைத்து முடிக்க யாராலும் முடியாது. எழுதும்போது அந்த நேரம் கிடைக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இன்னொரு சிரமமும் உண்டு. ஜவுளிக்கடையில் ஒருவர் சொல்கிறார்: "நேத்து அண்ணன் வாங்கின சட்டையை மாத்தணும்." இதையே ஆங்கிலத்தில் சொன்னால்: "ஐ வான்ட் டு எக்ஸ்சேஞ்ச் த ஷர்ட் மை பிரதர் பாட் யெஸ்டர்டே." இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாம் கடைசியில் சொல்லும் 'மாத்தணும்' அங்கே முதலில் வருகிறது. நாம் முதலில் சொன்ன 'நேத்து' அங்கே கடைசிக்குப் போய்விடுகிறது. கிட்டத்தட்டத் தலைகீழ். தமிழில் யோசித்து அதை ஒவ்வொரு தடவையும் தலைகீழாகத் திருப்பிப் பேசுகிறவர் நடுவில் நின்றுவிடுவதில் ஆச்சரியம் இல்லை. அது அறிவுக் குறைவும் இல்லை. இதை வகுப்பில் பலமுறை சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நிறையப் பேர் தங்களுக்கு மண்டையில் ஏறாது என்றே முடிவு செய்துகொண்டு வருகிறார்கள்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் மட்டும் எப்படிச் சமாளிக்கிறார்கள்? ஆண்ட்ரூ பாலி, ஃபிரான்சஸ் சைடர் என்ற இரண்டு மொழியியலாளர்கள் 1983-இல் எழுதிய ஒரு கட்டுரை இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. சரளமாகப் பேசுகிறவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் புதிதாகக் கட்டுவதில்லை, பாதி கட்டி முடித்த துண்டுகளை ஏராளமாக நினைவில் வைத்திருந்து எடுத்துப் பேசுகிறார் என்பது அவர்கள் வாதம். நம் தமிழையே பாருங்களேன். வீட்டுக்கு ஆள் வந்தால் "வாங்க வாங்க, எப்ப வந்தீங்க, வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்பது ஒரே மூச்சில் வருகிறது. கிளம்பும்போது "அப்ப நான் போயிட்டு வரேன்." இவற்றை யாராவது இலக்கணம் பார்த்துக் கட்டுகிறோமா? சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கிற பாட்டிகளைக் கேட்டிருப்பீர்கள். இறந்தவருக்கு ஏற்றபடி அந்த இடத்திலேயே புதிதாகப் பாடுவார்கள். ஆனால் பாட்டின் பெரும்பகுதி காலம் காலமாக வாயில் இருக்கும் அடிகள். பெயரும் உறவும் மட்டும் மாறும். சரளம் என்பது இப்படித்தான் உண்டாகிறது.

சரி, எதை மனப்பாடம் செய்வது? '1000 அன்றாட வாக்கியங்கள்' மாதிரி புத்தகம் வாங்கலாமா?

வாங்கலாம், தப்பில்லை. ஆனால் அதில் முக்கால்வாசி உங்களுக்குத் தேவைப்படாது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். முதல் இரண்டு நாள் ஆங்கிலம் பக்கமே போக வேண்டாம். நீங்கள் தமிழில் என்ன பேசுகிறீர்கள் என்று கவனித்து, இடதுபக்கத்தில் எழுதிக்கொண்டே வாருங்கள்.

என்னிடம் வந்த கூரியர் ஆபீஸ் பெண்ணின் நோட்டில் முதல் பக்கம் இப்படி இருந்தது: "நாளைக்குப் போய்ச் சேந்துரும்." "பின்கோடு விட்டுப்போச்சு பாருங்க." "உள்ள என்ன இருக்கு?" "கண்ணாடின்னா நாங்க எடுக்கிறதில்லை." எந்தப் புத்தகத்திலும் இந்த வரிசை கிடைக்காது. ஆனால் ஒரு நாளைக்கு அறுபது தடவை அவர் சொல்வது இதுதான். வலதுபக்கத்தில் நானும் அவரும் உட்கார்ந்து எழுதினோம்: "இட் ஷுட் ரீச் தெம் பை டுமாரோ." "யூ'வ் லெஃப்ட் அவுட் த பின் கோட்." "வாட்ஸ் இன்சைட்?" "ஐ'ம் அஃப்ரெய்ட் வீ டோன்ட் டேக் கிளாஸ்." ஒரு வாரத்தில் நான்கும் அவருக்குச் சொந்தமாகிவிட்டன.

வலதுபக்கம் எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். சொல்லுக்குச் சொல் மாற்றக் கூடாது. 'பரவாயில்லை' என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். காலை மிதித்துவிட்டு ஒருவர் ஸாரி கேட்டால் நீங்கள் சொல்லும் பரவாயில்லைக்கு "தட்ஸ் ஆல்ரைட்." சாப்பாடு எப்படி என்று கேட்டால் சொல்லும் பரவாயில்லைக்கு "நாட் பேட்." சொன்னது எதிரே இருப்பவர் காதில் விழவில்லை, சின்ன விஷயம்தான், விட்டுவிடலாம் என்று நினைத்துச் சொல்லும் பரவாயில்லைக்கு "நெவர் மைண்ட்." தமிழில் ஒன்று, அங்கே மூன்று. அதனால் நோட்டில் வாக்கியத்தோடு அது எந்தச் சமயத்தில் வருவது என்பதையும் இரண்டு சொல்லில் எழுதிவையுங்கள்: 'காலை மிதித்தால்', 'சாப்பாடு பற்றி' என்று.

வலதுபக்கத்துக்குச் சரியான ஆங்கிலம் எங்கே கிடைக்கும்? நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள். இல்லாவிட்டால் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பதிப்பகங்கள் ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே நடத்தும் அகராதிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. அவற்றில் சொல்லுக்குக் கீழே முழு வாக்கியங்கள் இருக்கும், சொல்லின் உச்சரிப்பையும் கேட்கலாம். ஊகித்து எழுதியதை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள்.

ஒரு வாக்கியத்தை வாயில் ஏற்றுவது எப்படி? செய்து காட்ட முடியுமா?

மருத்துவமனை வரவேற்பில் உட்காருகிறவருக்கு அதிகம் தேவைப்படும் ஒன்று: "வுட் யூ மைண்ட் வெயிட்டிங் ஃபார் எ ஃபியூ மினிட்ஸ்?" கொஞ்சம் காத்திருக்கிறீர்களா என்று மரியாதையாகக் கேட்பது.

முதலில் நன்றாகப் பேசுகிற ஒருவரைச் சொல்லச் சொல்லிப் போனில் பதிந்துகொண்டு, ஐந்தாறு தடவை சும்மா கேளுங்கள். வாயைத் திறக்க வேண்டாம். எந்த இடம் மேலே ஏறுகிறது, எது விழுங்கப்படுகிறது என்று காது பிடிக்கட்டும். 'வெயிட்', 'மினி' இரண்டும் எழும்பி நிற்கும். 'ஃபார் எ' இரண்டும் ஒட்டிக்கொண்டு 'ஃபரெ' என்று ஓடிவிடும்.

அப்புறம் பின்னாலிருந்து கட்டுங்கள். "மினிட்ஸ்." "எ ஃபியூ மினிட்ஸ்." "ஃபார் எ ஃபியூ மினிட்ஸ்." "வெயிட்டிங் ஃபார் எ ஃபியூ மினிட்ஸ்." கடைசியாக முழுவதும். முன்னாலிருந்து கட்டினால் ஆரம்பம் நன்றாக வந்து கடைசி தேய்ந்துவிடும். பின்னாலிருந்து வரும்போது, ஒவ்வொரு தடவையும் தெரியாததிலிருந்து தெரிந்ததை நோக்கிப் போகிறீர்கள். வாக்கியம் முடியும் இடத்தில் குரல் தடுமாறாது. ஆசிரியர்களிடம் பல காலமாகப் புழங்கும் பழைய உத்தி இது.

முழுவதும் வந்துவிட்டதா? இப்போது நோட்டை மூடுங்கள். ஜன்னல் பக்கம் பார்த்து, எதிரே ஒருவர் நிற்பதாக நினைத்துச் சொல்லுங்கள். பிறகு நடுவில் இருப்பதைக் கழற்றி வேறு மாட்டுங்கள். "வுட் யூ மைண்ட் சைனிங் ஹியர்?" "வுட் யூ மைண்ட் கமிங் பேக் டுமாரோ?" "வுட் யூ மைண்ட் ஸ்பீக்கிங் எ பிட் மோர் ஸ்லோலி?" கடைசியாகச் சொன்னது எல்லோருக்கும் உதவும். எதிரே இருப்பவர் வேகமாகப் பேசிப் பயமுறுத்தினால் அதுதான் உங்களுக்குக் கை கொடுக்கும்.

இப்படி மாட்டிக் கழற்றும் வேலையை விட்டுவிட்டால் மனப்பாடம் வெறும் மனப்பாடமாகவே நின்றுவிடும். என் வகுப்பில் நேரம் அதிகம் போவது இதில்தான். ஒரே அச்சில் பத்து வாக்கியம் வார்த்துக் காட்டச் சொல்வேன். எட்டாவதுக்கு மேல் சொந்தமாக ஏதோ சொல்லத் தொடங்குவார்கள். "வுட் யூ மைண்ட் நாட் ஷவுட்டிங் அட் மீ?" என்று ஒரு தங்கை சொன்னபோது வகுப்பே கைதட்டியது. 'நாட்' எங்கே வர வேண்டும் என்று நான் சொல்லித்தரவே இல்லை.

எத்தனை தடவை சொல்ல வேண்டும்?

எண்ணிக்கையைவிட இடைவெளிதான் முக்கியம். ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற உளவியலாளர் பொருளே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு மறக்கிறது என்று வருடக்கணக்கில் அளந்து 1885-இல் வெளியிட்டார். பன்னிரண்டு அசை கொண்ட வரிசைகளில் அவர் கண்டது இது: ஒரே நாளில் 68 தடவை திரும்பச் சொன்னால் என்ன பலன் கிடைக்கிறதோ, அதே பலன் மூன்று நாளுக்குப் பிரித்துச் சொன்னபோது 38 தடவையிலேயே கிடைத்தது. கிட்டத்தட்ட பாதி உழைப்பு மிச்சம்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஐம்பது வாக்கியம் அரைக்காதீர்கள். ஒரு நாளைக்குப் புதிதாக ஐந்து போதும். இன்று காலை ஏற்றியதை இரவு படுக்கும் முன் ஒரு தடவை, மறுநாள் ஒரு தடவை, மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து. மறந்தது மாதிரி இருக்கும்போது முயன்று இழுத்து எடுப்பதுதான் வாக்கியத்தை ஆழமாகப் பதிய வைக்கிறது.

இழுத்து எடுப்பது என்று சொன்னேன், படிப்பது என்று சொல்லவில்லை. வலதுபக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு, இடதுபக்கத் தமிழைப் பார்த்து ஆங்கிலத்தைச் சொல்ல வேண்டும். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006-இல் இதைச் சோதித்தார்கள். ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்களைவிட, படித்ததைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். உடனே சோதித்தபோது மட்டும் வெறுமனே படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். 'படிச்ச உடனே எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு, மறுநாள் காணோம்' என்று நாம் சொல்வது இதைத்தான்.

வாய்விட்டுத்தான் சொல்ல வேண்டுமா? மனசுக்குள் சொன்னால் போதாதா? வீட்டில் ஆள் இருக்கிறார்கள்.

போதாது. செந்தமிழும் நாப்பழக்கம் என்றார்கள், மனப்பழக்கத்தை அதிலிருந்து பிரித்தே சொன்னார்கள். நாக்கும் உதடும் மூச்சும் சேர்ந்து பழக வேண்டிய காரியம் இது. மொட்டைமாடி, பைக், துணி துவைக்கும் இடம் எல்லாமே இதற்குத் தோதானவை. வெட்கமாக இருந்தால் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு பேசுங்கள். போனில் பேசுவதாக நினைத்துக்கொள்வார்கள்.

உச்சரிப்பு தமிழ் வாடையாக இருக்கிறது என்கிறார்கள். ஷேடோயிங் உதவுமா?

ஒருவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டே, அரை நொடி பின்னால் அதே சொற்களைக் கூடவே சொல்லிக்கொண்டு போவதுதான் ஷேடோயிங். நிழல் மாதிரி பின்தொடர்வது. மேடையில் உடனுக்குடன் மொழிபெயர்ப்பவர்களின் பயிற்சியில் இது உண்டு. ஜப்பானில் ஆங்கிலம் கற்பவர்களிடையே பரவலான பழக்கம்.

உதவும். ஆனால் வாடை போக வேண்டும் என்பதற்காக இல்லை. தமிழர் தமிழர் மாதிரி ஆங்கிலம் பேசுவதில் எந்தக் குறையும் இல்லை, அதற்காகக் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொள்வதுதான் நஷ்டம். ஷேடோயிங் தருவது தாளம். தமிழில் எழுத்துக்கு எழுத்து ஏறக்குறைய சமமாக நேரம் தருகிறோம். ஆங்கிலம் ஓர் அசையை அழுத்திவிட்டு மற்றதை நசுக்கிவிடும். 'கம்ஃபர்ட்டபிள்' என்று நாம் நிதானமாகச் சொல்வது அவர்கள் வாயில் 'கம்ஃப்டபிள்' ஆகிவிடுகிறது. 'ஃபோட்டோகிராஃப்' என்றால் அழுத்தம் முதலில். 'ஃபொடாக்ரஃபி' என்றால் இரண்டாவது அசைக்கு நகர்ந்துவிடும். தாளம் தெரியாதவருக்குப் பேசுவதும் சிரமம், பிறர் பேசுவது புரிவதும் சிரமம்.

ஒரு நிமிடம் ஓடும் பேச்சுப் பதிவு ஒன்றே போதும். எழுத்து வடிவமும் இருக்க வேண்டும். முதலில் அர்த்தம் புரிந்துகொண்டு, பிறகு ஒரு வாரம் அதே ஒரு நிமிடத்தை எடுத்துக்கொண்டு பின்தொடருங்கள். தினம் புதுப்புது வீடியோ வேண்டாம்.

இந்த மாதிரி திரும்பச் சொல்லும் முறை பழையது, தோற்றுப்போனது என்று ஒரு ஆசிரியர் சொன்னாரே?

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவம் வீரர்களுக்கு வேகமாக மொழி கற்பிக்கத் திரும்பச் சொல்லும் பயிற்சியைப் பெரிய அளவில் கையாண்டது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் ஃப்ரீஸ் வாக்கிய அச்சுகளைத் திரும்பத் திரும்பப் பழக்கும் முறையை வளர்த்தார். அந்தக் காலத்து நம்பிக்கை, மொழி என்பது வெறும் பழக்கம் என்பது. 1959-இல் நோம் சாம்ஸ்கி என்ற அமெரிக்க மொழியியலாளர் அந்த நம்பிக்கையின் அடித்தளத்தையே கடுமையாக விமர்சித்து எழுதினார். வகுப்பிலும் குறை தெரிந்தது. பயிற்சியில் சரியாகச் சொன்னவர்கள் வெளியே வந்ததும் பேசத் திணறினார்கள்.

நம் ஊரிலும் இது நடந்திருக்கிறது. அப்போதைய மதராஸ் மாநிலத்தில் தொடக்க நிலை ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு வாக்கிய அமைப்பு முறையில் மறுபயிற்சி தர ஒரு பெரிய முயற்சி நடந்தது. ஒருவருக்குக் கற்பித்து, அவர் பலருக்குக் கற்பித்து என்று பெருகிப் போவதால் அதை மெட்ராஸ் ஸ்னோபால், பனிப்பந்து, என்றார்கள். பள்ளியில் ஆசிரியர் பேனாவைத் தூக்கிப் பிடித்து "திஸ் இஸ் எ பென்" என்பதும், நாற்பது பிள்ளைகள் திருப்பிச் சொல்வதும் அந்த முறையின் முகம்தான். பேனா எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. அதைப் பேனா என்று யாரும் யாருக்கும் சொல்லவேண்டிய தேவையே அங்கே இல்லை. பின்னாளில் சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என். எஸ். பிரபு இதில் மனம் ஒப்பாமல், 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் தமிழகத்திலும் சில பள்ளிகளில் வேறு வழியை முயன்றார். ரயில் அட்டவணை, வரைபடம் மாதிரி ஏதாவது ஒரு கணக்கைக் கொடுத்து விடை கண்டுபிடிக்கச் சொல்வது. கவனம் அர்த்தத்தில் இருந்தால் இலக்கணம் தானே படியும் என்பது அவர் எண்ணம். பெங்களூர் திட்டம் என்று உலகம் முழுக்க ஆங்கில ஆசிரியர்கள் அதைப் படிக்கிறார்கள்.

பிரபு சொன்னதில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். அர்த்தம் இல்லாமல் திரும்பச் சொல்வது செத்த வேலை. ஆனால் அதிலிருந்து, திரும்பச் சொல்வதே வேண்டாம் என்று முடிவெடுப்பது என் அனுபவத்துக்கு ஒத்துவரவில்லை. கூரியர் ஆபீஸ் பெண் "யூ'வ் லெஃப்ட் அவுட் த பின் கோட்" என்று இருபது தடவை சொல்லிப் பார்த்தபோது, அவர் கண் முன்னால் பின்கோடு இல்லாத கவரும் அதைக் கொடுத்தவர் முகமும் இருந்தன. அதே இருபது தடவைதான், "திஸ் இஸ் எ பென்" இல்லை. சீனாவில் தேசிய அளவிலான ஆங்கிலப் பேச்சுப் போட்டிகளில் வென்ற மூன்று மாணவர்களைப் பற்றி யான்ரென் டிங் என்பவர் 2007-இல் எழுதிய ஆய்விலும் இதே செய்தி இருக்கிறது. பாடங்களை மனப்பாடம் செய்து, ஒலிப்பதிவை அப்படியே பின்பற்றிப் பேசிப் பழகியதுதான் தங்களுக்கு மிகவும் உதவியது என்று அந்த மாணவர்கள் சொல்கிறார்கள். ஆரம்பத்தில் கட்டாயத்தால் செய்தார்களாம், பிறகு விரும்பிச் செய்தார்களாம்.

அப்படியென்றால் கிராமர் படிக்க வேண்டாமா?

படியுங்கள். ஆனால் வாக்கியம் வாயில் ஏறியபிறகு படியுங்கள். "ஐ'வ் பீன் வெயிட்டிங் ஸின்ஸ் மார்னிங்" என்பது பழகிவிட்ட ஒருவருக்கு அந்த டென்ஸை விளக்க ஐந்து நிமிடம் போதும். பழகாதவருக்கு ஒரு மணி நேரம் விளக்கினாலும் போர்டிலேயே நின்றுவிடுகிறது.

மனப்பாடம் செய்து பேசினால் இன்டர்வியூவில் கண்டுபிடித்துவிட மாட்டார்களா?

கண்டுபிடிப்பார்கள். செல்ஃப் இன்ட்ரோவை முழுதாக உருப்போட்டு ஒப்பிக்கிறவரின் கண் மேலே போய்விடும், குரல் தட்டையாகிவிடும். நடுவில் ஒரு கேள்வி கேட்டால் சரிந்துவிடும். ஐஇஎல்டிஎஸ் மாதிரி ஆங்கிலத் திறன் தேர்வுகளிலும் முழுப் பதிலை மனப்பாடம் செய்து ஒப்பித்தால் தேர்வாளர் கவனித்துவிடுவார், அது உங்களுக்குச் சாதகமாக இருக்காது. அந்தத் தேர்வின் பேச்சுப் பகுதி 11 முதல் 14 நிமிடம், நேருக்கு நேர் உரையாடல். ஒப்பித்த பதிலுக்கும் அடுத்த கேள்விக்குத் தரும் பதிலுக்கும் உள்ள வித்தியாசம் அங்கே பளிச்சென்று தெரியும்.

அதனால் பதிலை மனப்பாடம் செய்யாதீர்கள், பதிலைக் கட்ட உதவும் துண்டுகளை மனப்பாடம் செய்யுங்கள். "வாட் ஐ என்ஜாய்ட் மோஸ்ட் வாஸ்...", "இட் டுக் மீ எ வைல் டு...", "ஐ'ம் நாட் ஷுர், பட் ஐ திங்க்..." இவற்றுக்குப் பின்னால் வருவது ஒவ்வொரு தடவையும் உங்கள் சொந்த விஷயமாக இருக்கும். யோசிக்க நேரம் வேண்டுமா, "தட்ஸ் எ குட் கொஸ்டின், லெட் மீ திங்க்." சொல் கிடைக்கவில்லையா, "ஐ டோன்ட் நோ ஹவ் டு புட் இட்." தமிழில் 'அது வந்து...' என்று இழுப்போமே, அதற்குப் பதில் இவை. இந்த நான்கைந்து துண்டும் கைவசம் இருந்தாலே பயம் பாதியாகக் குறைவதைப் பார்க்கிறேன்.

தப்பாக மனப்பாடம் ஆகிவிட்டால்?

"மைசெல்ஃப் குமார்", "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்." வருடக்கணக்காகச் சொல்லி ஊறிப்போனவை. 'இது தப்பு' என்று தெரிந்துகொள்வதால் மட்டும் போகாது, நாக்கு முந்திக்கொள்ளும். சரியானதைப் புதிதாக ஒன்று கற்பதுபோல மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டும்: "ஐ'ம் குமார்", "ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்." ஒரே சமயத்தில் இரண்டு தப்புக்கு மேல் திருத்த முயலாதீர்கள். பேசவே பயம் வந்துவிடும்.

பேசிப் பழக ஆள் இல்லை. என்ன செய்வது?

உங்களைப் போலவே கற்கிற ஒருவர் போதும். நன்றாகப் பேசுகிறவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களின் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையை அங்கே கையாண்டு, 1797-இல் லண்டனில் அதைப் பற்றி எழுதினார். மெட்ராஸ் முறை என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளுக்கே போனது. கூடப் படிக்கிறவரிடம் கற்றுக்கொள்வது நம் ஊருக்குப் புதிதில்லை.

அந்த ஒருவர் கிடைத்துவிட்டால் இதைச் செய்யுங்கள். ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு நான்கு நிமிடம் பேசுங்கள். அதையே மறுபடி மூன்று நிமிடத்தில், மறுபடி இரண்டு நிமிடத்தில். முடிந்தால் ஒவ்வொரு தடவையும் வேறு ஆளிடம். நியூசிலாந்தைச் சேர்ந்த பால் நேஷன் என்ற பேராசிரியரின் எழுத்துகளால் பரவலான பயிற்சி இது. என்ன சொல்வது என்ற கவலை முதல் தடவையிலேயே தீர்ந்துவிடுவதால், மூன்றாவது தடவை முழுக் கவனமும் எப்படிச் சொல்வது என்பதில் போகிறது. இதையும் சோதித்திருக்கிறார்கள். டி யோங், பெர்ஃபெட்டி இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே விஷயத்தைத் திரும்பப் பேசிய மாணவர்களுக்குக் கிடைத்த சரளம், பின்னர் புதிய விஷயம் பேசும்போதும் நிலைத்தது. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு விஷயம் பேசியவர்களுக்கு அப்படி நிலைக்கவில்லை.

ஒருவருமே கிடைக்கவில்லை என்றால் போன் ரெக்கார்டர். மூன்று தடவையும் பதிந்து, முதலாவதையும் மூன்றாவதையும் மட்டும் கேளுங்கள்.

வயது நாற்பத்தைந்து. இனிமேல் மனப்பாடம் ஏறுமா?

ஏறும். சின்ன வயதுக்காரர்களைவிட நாலு தடவை அதிகம் சொல்ல வேண்டியிருக்கலாம். ஆனால் தனக்கு எந்த வாக்கியம் வேண்டும் என்பது உங்களுக்கு அவர்களைவிட நன்றாகத் தெரியும்.

ஆப் ஏதாவது சொல்லுங்கள்.

இடைவெளி விட்டுக் கேள்வி கேட்கும் ஆங்கி மாதிரி ஆப்கள் நல்லவைதான். எதுவும் வேண்டாம் என்றால் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தை வெட்டி அட்டை செய்து, மூன்று டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். சரியாகச் சொன்னது அடுத்த டப்பாவுக்குப் போகும், தவறியது முதல் டப்பாவுக்குத் திரும்பும். முதல் டப்பா தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவது வாரம் ஒருமுறை.

எவ்வளவு நாளில் பேச வரும்?

ஒரு நாளைக்கு ஐந்து வாக்கியம், அரை மணி நேரம், இடைவிடாமல் மூன்று மாதம் என்றால் நானூறு வாக்கியம் அளவுக்கு வாயில் இருக்கும். உங்கள் வேலையிடத்தைச் சமாளிக்க அது போதும். அரசியல் விவாதம் செய்ய, கதை சொல்ல, இன்னும் ஒரு வருடம் படிக்கவும் கேட்கவும் வேண்டும். முப்பது நாளில் என்று யாராவது சொன்னால் அவர்களிடம் பணம் கட்டாதீர்கள்.

இன்றைக்கே தொடங்க வேண்டும். முதல் ஐந்து வாக்கியம் சொல்லுங்களேன்.

புரியாதபோது: "ஸாரி, குட் யூ சே தட் அகெய்ன்?" நீங்கள் சொன்னதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டால்: "தட்ஸ் நாட் வாட் ஐ மென்ட்." உடனே பதில் தெரியாதபோது: "ஐ'ல் செக் அண்ட் லெட் யூ நோ." உங்கள் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தால்: "எக்ஸ்க்யூஸ் மீ, ஐ திங்க் யூ'ர் இன் மை சீட்."

ஐந்தாவது நேற்று நீங்கள் சொல்ல நினைத்து, வராமல் விட்ட வாக்கியம். அதைத் தமிழில் இடதுபக்கத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள்.